கடல் கிழக்கே இருக்கிறது: சென்னையைப் படமெடுக்கக் கிளம்புகிறவர்களுக்கு

புதிதாகக் கேமரா வாங்கியவர்கள் சென்னையில் முதல் ஞாயிற்றுக்கிழமை போவது பெரும்பாலும் மெரினாவுக்குத்தான். நானும் போனேன். விடிவதற்கு முன்பே எழுந்து, கண் எரிச்சலோடு மணலில் நின்று, சூரியன் மேலே வர வர நாற்பது ஐம்பது படம் எடுத்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் எல்லாம் ஒரே படம். கீழே கறுப்பு, நடுவில் ஓர் ஆரஞ்சுப் பொட்டு. ராமேஸ்வரம் என்று சொன்னாலும் நம்புவார்கள், விசாகப்பட்டினம் என்று சொன்னாலும் நம்புவார்கள்.

அன்று நான் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. என் முதுகுக்குப் பின்னால் காமராஜர் சாலையின் கட்டடங்கள் முழுக்க அந்த வெயிலைத்தான் வாங்கிக்கொண்டு நின்றிருந்தன. இந்தக் கட்டுரை அங்கிருந்து தொடங்குகிறது. கையில் செல்போன் இருந்தாலும் சரி, கேமரா இருந்தாலும் சரி.

1. திசை

சென்னையில் கடல் கிழக்கே இருக்கிறது. எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான், ஆனால் படமெடுக்கும்போது மறந்துவிடும். கடற்கரைச் சாலையில் கடலைப் பார்த்து நிற்கும் மாநிலக் கல்லூரி, விவேகானந்தர் இல்லம் போன்றவற்றுக்குக் காலை வெயில் நேராக முகத்தில் அடிக்கும். மாலையில் போனால் சூரியன் அவற்றின் பின்னால் இறங்கும், முகப்பு இருண்டுவிடும். (விவேகானந்தர் இல்லம் 1842-இல் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த ஐஸ் கட்டிகளைச் சேமிக்கக் கட்டியது. அதனால்தான் இன்றும் பழைய ஆட்கள் அதை ஐஸ் ஹவுஸ் என்கிறார்கள்.) உழைப்பாளர் சிலைக்குக் கணக்கு வேறு. அது சாலையின் கடல் பக்கம் இருப்பதால், சாலையிலிருந்து கடலை நோக்கி விடியலில் எடுத்தால் அந்த நான்கு பேரும் கறுப்பு உருவங்களாக வானத்தில் எழுந்து நிற்பார்கள். அந்தச் சிலைக்கு அதுவே அழகு.

நேரத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். டிசம்பர், ஜனவரியில் சூரியன் ஏறத்தாழ 6:15-இலிருந்து 6:35-க்குள் உதிக்கும். ஜூன் தொடக்கத்தில் 5:45-க்கு முன்பே வந்துவிடும். நல்ல வெளிச்சம் உதயத்துக்குப் பின் ஒரு மணி நேரம், மாலையில் மறைவதற்கு முன் ஒரு மணி நேரம். கோடையில் எட்டரை மணிக்கெல்லாம் வெயில் கடுப்பாகி, முகங்களில் கண்ணுக்குக் கீழே நிழல் விழ ஆரம்பித்துவிடும். அப்போது கேமராவைப் பையில் போட்டுவிட்டு டிபன் சாப்பிடப் போவதே நல்லது.

2. கையில் இருப்பது போதும்

கேமரா விஷயத்தை இங்கே நீட்டப்போவதில்லை. செல்போன் என்றால் மூன்று பழக்கம் வேண்டும். எடுப்பதற்கு முன் லென்ஸை மெல்லிய பருத்தித் துணியால் துடைக்க வேண்டும், ஏனென்றால் நம் ஊர் வியர்வையில் அது எப்போதும் பிசுபிசுத்தே இருக்கும். திரையில் விரலை அழுத்திப் பிடித்து வெளிச்சத்தைப் பூட்டக் கற்றுக்கொள்ள வேண்டும். விரலால் பெரிதாக்கி எடுப்பதை விட்டுவிட்டு நாலடி முன்னால் நடக்க வேண்டும்.

கேமரா என்றால் ஒரே ஒரு லென்ஸோடு போங்கள். தெருவில் லென்ஸ் மாற்றிக்கொண்டிருந்தால் தூசி உள்ளே போகும், காட்சியும் போய்விடும். நடக்கிறவர்கள் அசங்காமல் விழ, ஷட்டர் (வெளிச்சம் உள்ளே போகக் கேமரா திறந்திருக்கும் நேரம்) 1/250 நொடிக்கு மேல் போகாமல் இருக்கட்டும். வெளிச்சம் குறைந்தால் ஐ.எஸ்.ஓ.வை, அதாவது கேமரா வெளிச்சத்தை உணரும் அளவை, கூசாமல் ஏற்றுங்கள். புள்ளி புள்ளியாகத் தெரிகிற படத்தையாவது பார்க்க முடியும், கலங்கிப்போன படத்தை ஒன்றும் செய்ய முடியாது.

யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒன்று ஈரக்காற்று. ஒரு மார்கழி விடியலில் இரவெல்லாம் ஏ.சி. ஓடிய அறையிலிருந்து கேமராவை நேராகத் தெருவுக்கு எடுத்துப் போனேன். வாசலில் ஒரு பாட்டி சிக்குக் கோலத்தின் கடைசி வளைவை இழுத்துக்கொண்டிருந்தார். லென்ஸ் முழுக்கப் பனி பிடித்துவிட்டது. துடைக்கத் துடைக்க மறுபடி படிந்தது. தெளிவதற்குள் பாட்டி கோலப்பொடி டப்பாவை மூடிக்கொண்டு உள்ளே போயாயிற்று. அதிலிருந்து, முதல் நாள் இரவே கேமராப் பையை ஏ.சி. இல்லாத கூடத்தில் வைத்துவிடுகிறேன். அவசரமாகக் கிளம்பினால் பையைத் திறக்காமல் அரைமணி நேரம் வெளியே வைத்திருங்கள். கடற்கரையிலிருந்து திரும்பியதும் ஈரத்துணியால் ஒரு துடை, பிறகு காய்ந்த துணியால் ஒரு துடை. உப்பு சும்மா விடாது.

3. ஒரு தெருவைப் பிடியுங்கள்

ஒரே நாளில் சென்ட்ரல், பாரிமுனை, தி.நகர் என்று சுற்றினால் காலும் வலிக்கும், படமும் தேறாது. ஒரு தெருவை எடுத்துக்கொண்டு அதற்கே நாலு தடவை போங்கள். நான் மயிலாப்பூர் மாடவீதிகளைச் சொல்வேன். பறக்கும் ரயிலில் திருமயிலை ஸ்டேஷனில் இறங்கினால் நடக்கிற தூரம்தான்.

முதல் தடவை கேமராவை வெளியே எடுக்காதீர்கள். நடந்து பாருங்கள். எந்தப் பக்கம் வெயில் விழுகிறது, பூக்காரர்கள் எத்தனை மணிக்கு உட்காருகிறார்கள், காபிக்கடைப் புகை எந்த நேரத்தில் வெயிலோடு சேருகிறது என்றெல்லாம் மனசில் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாம் தடவை ஓர் இடத்தில் நிற்க வேண்டும். வெயில் விழும் ஒரு நீலச் சுவரையோ பாத்திரக் கடை வாசலையோ சட்டகமாக வைத்துக்கொண்டு, ஆள் வந்து அதற்குள் நுழையும்வரை காத்திருங்கள். அரைமணி நேரம் ஒன்றும் நடக்காது. அப்புறம் தலையில் வாழைத்தார் வைத்த ஒருவர் வருவார், எதிரே பள்ளிக்கூடப் பிள்ளைகள் நாலு பேரை அடைத்துக்கொண்டு ஓர் ஆட்டோ வரும். ஆட்டோவை எடுக்கும்போது ஷட்டரை 1/30 நொடிக்கு மெதுவாக்கி, அது போகிற போக்கிலேயே கேமராவையும் கூடவே நகர்த்திப் பாருங்கள். ஆட்டோ தெளிவாகவும் தெரு கோடு கோடாகவும் விழும். இருபதில் ஒன்று தேறும்.

மூன்றாம், நான்காம் தடவைகளில் தெரு உங்களை அடையாளம் கண்டுகொள்ளும். அதுதான் வேண்டும்.

இப்போது மயிலாப்பூரில் மெட்ரோ வேலை நடக்கிறது. தடுப்புப் பலகைகள் படத்தைக் கெடுக்கின்றன என்று பலர் அலுத்துக்கொள்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பலகைக்கும் கடைக்கும் நடுவே கிடைத்த இரண்டடி சந்தில் கீரை விற்கிற அம்மாவின் படம் பத்து வருஷம் கழித்து எடுக்கக் கிடைக்காது. 2022-இல் செஸ் ஒலிம்பியாடுக்காக நேப்பியர் பாலத்துக்குக் கறுப்பு வெள்ளைக் கட்டம் தீட்டியபோது, பாலம் பாலமாக இல்லையே என்று எடுக்காமல் விட்டவன் நான்.

4. கேட்பதா, கேட்காமல் எடுப்பதா

கூட்டமாகத் தெருவை எடுக்கும்போது ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொண்டிருக்க முடியாது. ஆனால் ஒருவர் முகமே படம் என்றால் கேளுங்கள். "அக்கா, ஒரு படம் எடுத்துக்கட்டுமா?" போதும். வேண்டாம் என்றால் சிரித்துவிட்டு நகர்ந்துவிட வேண்டும். சரி என்றால் அக்கா உடனே தலையைக் கோதி விறைப்பாக உட்காருவார். அந்தப் படத்தையும் எடுத்துவிடுங்கள், அது அவருக்கு. எடுத்து முடித்ததும் அவர் மறுபடி பூத்தொடுக்கத் திரும்புவார் இல்லையா, உங்கள் படம் அங்கே இருக்கிறது.

நடைபாதைக் கடைக்காரர்களுக்குக் கேமரா என்றாலே ஒரு பயம் உண்டு. "கார்ப்பரேஷன்ல இருந்து வர்றீங்களா? எடுத்துட்டுப் போய்க் கடையைத் தூக்கிடுவீங்களா?" என்று என்னிடமே கேட்டிருக்கிறார்கள். அது நியாயமான பயம். முதலில் ஏதாவது வாங்குங்கள், பேசுங்கள், இல்லை என்று புரியவையுங்கள். குழந்தைகளை எடுக்கப் பெற்றவர்களிடம் கேட்க வேண்டும். பிளாட்பாரத்தில் தூங்குகிறவர்களை எடுக்காதீர்கள். சாவு ஊர்வலத்தில் மேளமும் ஆட்டமும் எவ்வளவு இழுத்தாலும், அந்த வீட்டு ஆட்கள் கூப்பிடாதவரை கேமரா இறங்கியே இருக்கட்டும்.

5. கட்டடங்கள்

கோபுரத்தின் அடியில் நின்று அண்ணாந்து எடுத்தால் அது பின்னால் சாய்ந்து விழுவதுபோல இருக்கும். கேமரா நிமிர்ந்ததால் வருகிற கோளாறு இது. தள்ளிப் போவதுதான் வழி. கபாலீசுவரர் கோயிலில் சுமார் 120 அடி ராஜகோபுரம் கிழக்குப் பக்கம், குளம் மேற்குப் பக்கம். காலையில் கோபுரத்தின் சுதைச் சிற்பங்கள் ஒவ்வொன்றாக வெயிலில் துலங்கும், அதற்குக் கிழக்கே நில்லுங்கள். மாலையில் குளத்துக்கு இந்தப் பக்கம், ராமகிருஷ்ண மடம் சாலைப் பக்கம் வாருங்கள். எதிர்க்கரையில் கோயில் முழுக்க மஞ்சள் வெயிலில் இருக்கும், மழைக்காலம் முடிந்த கையோடு போனால் தண்ணீரிலும் இன்னொரு கோயில் கிடைக்கும்.

சென்ட்ரலும் பக்கத்திலுள்ள ரிப்பன் மாளிகையும் தெற்குப் பார்த்தவை. சென்னை ஏறத்தாழ 13 டிகிரி வடக்கே இருப்பதால், ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் நம் தலைக்குச் சற்று வடக்கே போய்விடும். அந்த மாதங்களில் உச்சியில் போனால் இரண்டு முகப்புகளும் நிழலில் மங்கிக் கிடக்கும். டிசம்பர், ஜனவரியில் சூரியன் நாள் முழுக்கத் தெற்கே சாய்ந்தே போகும். காலை எட்டு மணிக்குப் பக்கவாட்டு வெயிலில் 1873-இல் கட்டிய சென்ட்ரலின் சிவப்பும், வளைவுகளும், மணிக்கூண்டும் தனித்தனியாகத் தெரியும். ரிப்பன் மாளிகை 1913-இல் வந்த வெள்ளைக் கட்டடம். கேமரா அவ்வளவு வெள்ளையைப் பார்த்ததும் பயந்து படத்தை இருட்டாக்கிச் சாம்பல் நிறத்தில் கொடுக்கும். வெளிச்சத்தை ஒரு படி கூட்டி எடுங்கள். இரவில் பாலமோ விளக்கு அலங்காரமோ எடுக்கும்போது நேர்மாறாக ஒரு படி குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் விளக்கெல்லாம் வெளுத்துவிடும்.

6. பண்டிகை நாட்கள்

திருவிழாப் படம் என்றதும் எல்லோரும் உச்ச நிமிஷத்துக்கு ஓடுகிறார்கள். அந்த நிமிஷத்தில் உங்களுக்கு முன்னால் ஐந்நூறு செல்போன்கள் தூக்கிய கைகளாக நிற்கும். என் அனுபவத்தில் நல்ல படங்கள் அதற்கு முன்பும் பின்பும்தான் கிடைக்கின்றன.

மார்கழிக் கோலம் ஐந்து மணிக்கு மேல், இருட்டில், தெருவிளக்கில் போடப்படுவது. ஐ.எஸ்.ஓ. 3200, ஷட்டர் 1/125 என்று வைத்தால் விரலிடுக்கில் மாவு விழுகிற இழை தெரியும். முடிந்த கோலத்தை மேலிருந்து எடுப்பது நோட்டில் வரைந்த மாதிரி ஆகிவிடும். குனிந்து, தெருவோடு தெருவாகக் கேமராவை வைத்து, சாணிப் பிள்ளையார்மேல் பூசணிப்பூ, அதற்குப் பின்னால் ஈர வாசல், அதற்கும் பின்னால் கோலம் போடுகிறவரின் கை என்று எடுத்துப் பாருங்கள். ஆறரை மணிக்குப் பால்காரர் வண்டி கோலத்தின்மேல் ஒரு கோடு இழுத்துவிட்டுப் போகும். அதையும் விட்டுவிடாதீர்கள்.

போகிக்கு நாலரை மணிக்கே வெளியே இருக்க வேண்டும். பழைய பாயை எரிக்கிற புகையில் எதிரே வரும் பைக்கின் விளக்கு ஒரு கம்பம்போல நீளும். பிள்ளைகள் சின்னப் போகி மேளத்தைத் தட்டிக்கொண்டு சுற்றுவார்கள். முகக்கவசம் கட்டாயம், புகை கனமாக இருக்கும். பொங்கல் விடுமுறைக்குப் பாதி நகரம் ஊருக்குப் போய்விடுவதால் அண்ணா சாலையே காலியாகக் கிடக்கும். 1959-இல் திறந்த எல்.ஐ.சி. கட்டடத்தை வண்டி நெரிசல் இல்லாமல் எடுக்க வேண்டுமானால் அந்த நாட்கள்தான். காணும் பொங்கலன்று எல்லாம் தலைகீழ். மெரினாவில் மணல் தெரியாது. கடலில் இறங்காமல் தடுக்கக் காவல்துறை கட்டியிருக்கும் சவுக்குக் கட்டைகளும், தொலைந்துபோகாமலிருக்கப் பிள்ளைகளின் மணிக்கட்டில் கட்டிவிடும் தொலைபேசி எண் பட்டையும் அந்த நாளுக்கே உரியவை. பட்டையைப் படமெடுத்தால் எண் தெரியாமல் மறைத்துவிட்டே பகிருங்கள்.

எனக்குப் பிடித்தது பங்குனிப் பெருவிழா. கபாலீசுவரர் கோயிலில் ஏழாம் நாள் தேர், எட்டாம் நாள் அறுபத்து மூவர். தேரை நேர்வீதியில் எடுக்காதீர்கள், முக்கில் எடுங்கள். அங்கேதான் முட்டுக்கட்டை போடுகிறவர்கள் சக்கரத்தருகே ஓடி ஓடிக் கட்டையைச் செருகித் தேரைத் திருப்புவார்கள். வடம் பிடிக்கிறவர்களின் கைநரம்பு, கட்டைக்காரரின் கண், மேலே ஆடி நிற்கும் தேர்ச்சீலை எல்லாம் ஒரே சட்டகத்தில் வரும். ஆனால் வடத்துக்குள்ளேயும் சக்கரத்தருகிலும் நீங்கள் நிற்கக் கூடாது. தேர் சொன்னதும் நிற்காது. முக்கிலுள்ள ஒரு வீட்டு மொட்டைமாடி பாதுகாப்பு. அதற்கு அன்று காலை போய்க் கதவைத் தட்டினால் நடக்காது, நாலு நாள் முன்பே போய் மாமியிடமோ மாமாவிடமோ மரியாதையாகக் கேட்டு வைக்க வேண்டும். ஒரு வருஷம் அப்படி இடம் பிடித்து ஏறினேன், ஏறியவன் கீழே தெருவைக் கண்டபடி எடுத்து, எடுத்ததையெல்லாம் திரையில் பார்த்துப் பார்த்து ரசித்து, தேர் முக்குக்கு வந்தபோது பேட்டரியைத் தீர்த்திருந்தேன். அந்த வீட்டுத் தாத்தா, "பரவாயில்ல, கண்ணால பாருப்பா" என்றார்.

எட்டாம் நாள் மதியத்துக்கு மேல் நாயன்மார்கள் பல்லக்குகளில் வரிசையாக வருவார்கள். கூட்டம் நெரிக்கும். நான் பல்லக்கை விட்டுவிட்டு ஓரத்துக்குப் போய்விடுவேன். தெருவுக்குத் தெரு பந்தல் போட்டு நீர்மோரும் பானகமும் சாப்பாடும் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். டம்ளருக்கு நீண்ட இருபது கைகள், அண்டாவுக்குள் இறங்கும் கரண்டி, பலூன்காரரின் கொத்துக்குப் பின்னால் மாலை வெயில். இரவு பத்து மணிக்குமேல் செருப்பும் காகிதத் தட்டுமாகக் கிடக்கும் தெருவைக் கூட்ட வருகிறவர்கள். இதற்கெல்லாம் போட்டியே கிடையாது.

தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு ரங்கநாதன் தெருவுக்குப் போகிறவர்கள் பையை முன்பக்கம் மாட்டுங்கள், கேமரா வாரைக் கையில் சுற்றிக்கொள்ளுங்கள். கூட்டத்தின் நடுவில் நின்று எடுத்தால் முதுகுகள்தான் கிடைக்கும், ஏதாவது கடைப்படியில் ஏறி நிற்க அனுமதி கேளுங்கள். பட்டாசுக்குத் தமிழ்நாட்டில் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று நேரம் வைத்திருக்கிறார்கள். மொட்டைமாடியில் முக்காலி (டிரைபாட்), ஐ.எஸ்.ஓ. 100, லென்ஸ் துளை எஃப் 8, ஷட்டர் இரண்டு முதல் நாலு நொடி. மறுநாள் காலை தெரு முழுக்கச் சிவப்புக் காகிதமாக இருக்கும். துப்புரவுப் பணியாளர்களின் துடைப்பம் அதில் வழி வகுத்துக்கொண்டு போவதைத்தான் நான் ஒவ்வொரு வருஷமும் எடுக்கிறேன்.

பிள்ளையார் சதுர்த்தியன்று காலை தெருமுனைகளில் மர அச்சில் களிமண்ணை அழுத்திப் பிள்ளையாரைத் தட்டி எடுப்பதையும், நவராத்திரிக்கு முன் வடக்கு மாடவீதி நடைபாதையில் வைக்கோலோடு வந்திறங்கும் கொலு பொம்மைகளையும் விட்டுவிடாதீர்கள். கிறிஸ்துமஸுக்குச் சாந்தோம் தேவாலயம். உள்ளே பூசை நடக்கும்போது ஃபிளாஷ் கூடவே கூடாது.

7. எங்கே எடுக்கக் கூடாது

கோயில் கருவறை, உயர் நீதிமன்ற வளாகம், துறைமுகம், விமான நிலையப் பாதுகாப்புப் பகுதி ஆகியவற்றில் வேண்டாம். ரயில் நிலையத்துக்குள் முறையாக எடுக்க அனுமதி வாங்க வேண்டும். தமிழ்நாட்டுக் கோயில்களுக்குள் செல்போனைத் தடுக்க உயர் நீதிமன்றம் 2022-இல் உத்தரவிட்டது, வாசலில் கேட்டுவிட்டு உள்ளே போங்கள். டிரோன் ஆசை இருந்தால் இப்போதைக்கு அடக்கி வையுங்கள், நகரத்துக்குள் பெரும்பகுதிக்கு முன் அனுமதி இல்லாமல் அது பறக்கக் கூடாது. முக்காலியை விரித்தால் சாதாரணச் சாலையிலும் காவலர் வந்து கேட்பார். வாக்குவாதம் செய்யாமல் மடித்துக்கொண்டு கிளம்பலாம், கையில் பிடித்து எடுத்தாலும் படம் வரும்.

8. வீட்டுக்கு வந்த பிறகு

அன்றே பார்க்காதீர்கள். கார்டிலிருந்து இரண்டு இடத்தில் நகல் எடுத்து வைத்துவிட்டு, இரண்டு நாள் கழித்துத் திறந்து முந்நூறில் ஐந்தைத் தேர்ந்தெடுங்கள். நிறத்தை ஏற்றி ஏற்றி வானத்தைக் கத்தரிப்பூ ஆக்க வேண்டாம். கோப்பின் பெயரில் தேதியையும் தெருவின் பெயரையும் எழுதுங்கள், அடுத்த வருஷம் அந்தக் கடை அங்கே இருக்காது.

ஐந்தில் இரண்டையாவது பிரிண்ட் போட்டு, படத்தில் இருக்கிறவர்களிடமே கொண்டுபோய்க் கொடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்புவதும் நல்லதுதான், ஆனால் பூக்கடை அக்கா விறைப்பாக உட்கார்ந்த படத்தை பிரிண்டாகத்தான் கேட்பார். ஸ்டூடியோவில் மேட் தாள் கேட்டு வாங்குங்கள். பளபளத் தாள் ஈரக் கையில் ஒட்டிக்கொள்ளும், அவர் கை எப்போதும் பூவில் தெளித்த தண்ணீரோடுதான் இருக்கும்.